முகம் மறையட்டும், செயல் மறையலாகாது

2019 ஆம் ஆண்டு சனவரி மாதம் 15 ஆம் நாள், கென்யாவின் தலைநகரான நைரோபியிலே, விருந்தினர் விடுதியும் அலுவலகங்களும் அடங்கிய ஒரு கட்டடத் தொகுதியுள் அல்-ஷபாப் இயக்கத்தினர் ஆயுதங்களுடன் புகுந்தனர். மறுநாட் காலை வரை நீடித்த அந்த அனர்த்தத்திலே 21 பேர் உயிரிழந்தனர். அச்சம்பவத்தின் நினைவாக உலகத்தின் கண்ணிலே பதிந்து நின்ற படம் ஒன்றுண்டு. சாதாரண உடையணிந்து, முகத்தைத் துணியால் மூடி, கையில் றைபிளுடன் கட்டடத்தினுட் செல்லும் தனி மனிதர் ஒருவரின் படம் அது. பிரித்தானியாவின் எஸ்.ஏ.எஸ். எனும் விசேட படைப்பிரிவைச் சேர்ந்தவர் அவர் எனப் பத்திரிகைகள் எழுதின. விசேட படைகளைப் பற்றி யாதும் கூறுவதில்லை என்பது பிரித்தானிய அரசின் நெடுநாள் வழக்கம்; அந்த வழக்கத்தை அரசு அன்றும் மீறவில்லை.

அதே நாட்களில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை வேறொரு படத்தையும் வெளியிட்டது. அவ்விடுதியின் உணவருந்தும் இடத்திலே, மேசைகளின்மீது சாய்ந்து கிடந்த பிணங்களின் படம் அது. கென்ய மக்கள் கொதித்தெழுந்தனர். இறந்தவர்களுக்கும் தாயுண்டு, மனைவியுண்டு, பிள்ளைகளுண்டு என்பதை அப்பத்திரிகை மறந்துவிட்டதா என்று கேட்டனர். பத்திரிகை தன் செயலுக்கு நியாயம் கூறியதேயன்றிப் படத்தை அகற்றவில்லை.

இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து நோக்குக. ஆயுதம் தாங்கியவரின் முகம் திரைக்குள் இருந்தது; ஆயுதத்துக்கு இரையானவர்களின் உடல்கள் திறந்த வெளியிலே கிடந்தன. முதற் படத்தைக் கண்டோர் கேட்ட வினாக்கள் இரண்டு: அவர் யார்? அவர் கையிலிருப்பது எந்த றைபிள்? கனடாவிற் செய்யப்படும் சி-8 இனத்தைச் சேர்ந்தது அது எனவும், அதன்மீது பொருத்தியிருக்கும் குறிநோக்கி இன்னது எனவும் பலர் ஆராய்ந்து உரைத்தனர். அந்த 21 பேர் யார் எனக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

போர்வீரரைப் பத்திரிகை எந்த அளவுக்கு வெளிப்படுத்தலாம் என்பது பழைய வினா. வீரர் பாதுகாப்பாக இருக்கவேண்டுமாயின் யாவும் மறைவாக இருக்கவேண்டும் என்பர் ஒரு சாரார். மக்கள் பணத்திலே இயங்கும் படையைப் பற்றி மக்கள் யாவற்றையும் அறியவேண்டும் என்பர் மறுசாரார். இருவரும் ‘யாவும்’ என்ற சொல்லிலே தவறுகின்றனர் என்பது என் எண்ணம். வீரரின் முகம் வேறு. அவர் கையிலுள்ள கருவி வேறு. அவர் செய்த செயல் வேறு. இம்மூன்றையும் ஒரே திரையால் மூடுவதும் தவறு. ஒரே விளக்கால் ஒளியூட்டுவதும் தவறு. இன்று நடப்பதோ இவ்விரண்டினும் கேடானது. முகம் விலைபோகின்றது, கருவி அணிகலனாகக் காட்டப்படுகின்றது, செயல் மட்டும் இருளில் கிடக்கின்றது.

திரையிலே பிறந்த புகழ்

எஸ்.ஏ.எஸ். படைப்பிரிவு 1941 ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரின்போது வட ஆபிரிக்கப் பாலைவனத்திலே தோன்றியது. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பொதுமக்களிற் பெரும்பாலோர் அதன் பெயரைக்கூட அறியார். அந்நிலை ஒரே மாலையில் மாறிற்று.

1980 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள், இலண்டனிலிருந்த ஈரானியத் தூதரகத்தினுள் ஆயுதந்தாங்கிய அறுவர் புகுந்து 26 பேரைப் பணயக் கைதிகளாகப் பிடித்தனர். ஈரானின் தென்மேற்குப் பகுதியான கூசெஸ்தானிலே சிறைப்பட்டிருந்த தம்மவரை விடுவிக்கவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஆறாம் நாளாகிய மே 5 அன்று, கைதிகளில் ஒருவரைக் கொன்று உடலை வெளியே போட்டனர். அன்று மாலை, கறுப்பு உடையும் நச்சுவாயுத் தடுப்பு முகமூடியும் அணிந்த வீரர்கள் மாடியிலிருந்து கயிற்றின் வழியே இறங்கினர், சன்னல்கள் வெடித்தன. பி.பி.சி. தொலைக்காட்சி உலக ஸ்நூக்கர் இறுதிப் போட்டியின் ஒளிபரப்பை இடைநிறுத்தி அக்காட்சியைக் காட்டிற்று. விடுமுறை நாளொன்றின் மாலையிலே வீடுகளில் இருந்த மக்கள் கோடிக்கணக்கில் அதனைக் கண்டனர். பதினேழு நிமிடங்களில் யாவும் முடிந்தன. கைதிகளில் மேலும் ஒருவரும் ஆயுததாரிகள் ஐவரும் மாண்டனர்.

அன்று முதல், கறுப்பு உடையும், முகமூடியும், வீரர் ஏந்தியிருந்த எம்.பி.-5 எனும் ஜெர்மானியத் துப்பாக்கியும் உலகெங்கும் ஒரு சின்னமாயின. மூன்றாண்டு கழிவதற்குள் அதனைத் தழுவித் திரைப்படமும் வந்தது. தன் படையின் பெயரையே உச்சரிக்காத அரசு, அப்படை ஈட்டித் தந்த புகழை மட்டும் மறுக்கவில்லை. ஆயுததாரிகளில் இருவர் சரணடைந்த பின்னர் கொல்லப்பட்டனரா எனும் வினாவை, மீட்கப்பட்ட கைதிகள் சிலர் எழுப்பிய கூற்றுக்கள் தோற்றுவித்தன. மரண விசாரணையில் யூரர்கள் அக்கொலைகள் சட்டத்துக்கு அமைந்தவையே எனத் தீர்த்தனர். அத்தீர்ப்பு சரியா பிழையா என்பது ஈண்டு என் கருத்தன்று. அந்தப் பதினேழு நிமிடக் காட்சியைக் கண்டவர்களுள் எத்தனை பேருக்கு இப்படியொரு வினா எழுந்தது என்பதாவது தெரியும்? காட்சி நின்றது, கேள்வி மறைந்தது.

நேரடிக் காட்சியின் கேடு

பத்திரிகைத் தொழிலின்மீது சாட்டப்படும் குற்றம் முற்றிலும் பொய்யன்று என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 1972 ஆம் ஆண்டு செப்தெம்பர் 5 ஆம் நாள், மியூனிக் ஒலிம்பிக் கிராமத்திலே இஸ்ரவேலிய விளையாட்டு வீரர்கள் சிறைபிடிக்கப்பட்டிருந்தபோது, ஜெர்மன் பொலிஸார் விளையாட்டு உடையணிந்து கூரைமீது ஏறினர். அவர்கள் ஏறுவதைத் தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருந்தது; உள்ளே இருந்தவர்களின் அறைகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன. அம்முயற்சி கைவிடப்பட்டது. முடிவில் இஸ்ரவேலியர் 11 பேரும் மாண்டனர். அன்று நேர்ந்த தவறுகள் பல. எனினும் இத்தவறு எளிதில் தவிர்த்திருக்கக் கூடியது.

முப்பத்தாறு ஆண்டுகளின் பின், 2008 ஆம் ஆண்டு நொவெம்பரில் மும்பாயிலே அதே பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது. நரிமன் இல்லத்தின் கூரைமீது கமாண்டோ வீரர்கள் ஹெலிகொப்ரரிலிருந்து இறங்குவதைத் தொலைக்காட்சிகள் உடனுக்குடன் காட்டின. கடல்கடந்து தொலைபேசியிலே தாக்குதலை நடத்திக்கொண்டிருந்தோரும் அதே தொலைக்காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 2012 ஆம் ஆண்டில் இவ்வழக்கின் தீர்ப்பை வழங்கிய இந்திய உயர் நீதிமன்றம் அத்தொலைக்காட்சிகளைக் கடுமையாகக் கண்டித்தது. 2015 இல் அத்தகைய நடவடிக்கைகளை நேரடியாக ஒளிபரப்புதல் விதிமூலம் தடுக்கப்பட்டது.

நடவடிக்கை நிகழும் நேரத்திலே வீரர் நிற்குமிடத்தைக் காட்டாதிருத்தல் முதற் கடமை. அவருடைய பெயரையும் முகத்தையும் இல்லத்தையும் எக்காலத்தும் காட்டாதிருத்தல் இரண்டாவது கடமை. இவ்விரண்டிலும் பத்திரிகையாளர் எவரும் வாதம் செய்வதற்கு இடமில்லை. அவருக்கும் தாயுண்டு, மனைவியுண்டு, பிள்ளைகளுண்டு.

முகத்தை விற்றவர் யாவர்?

ஆயின் விசேட படையினரின் வாழ்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தோர் பத்திரிகையாளர் மட்டுந்தானா? 1991 ஆம் ஆண்டின் வளைகுடாப் போரிலே எஸ்.ஏ.எஸ். வீரர் எண்மர் கொண்ட ஓர் அணி ஈராக்கினுள் அனுப்பப்பட்டது. அந்த அணியிலே மூவர் இறந்தனர், நால்வர் பிடிபட்டனர், ஒருவர் நடந்தே சிரியாவை அடைந்தார். அந்தத் தோல்வி பின்னர் பெருஞ் செல்வமாயிற்று. அணியின் தலைவர் 1993 இலும், தப்பியவர் 1995 இலும் புனைபெயர்களில் நூல்கள் வெளியிட்டனர். நூல்கள் பெருந்தொகையில் விலைபோயின. அந்நூல்களிலே இறந்துபோன சார்ஜன்ட் ஒருவர்மீது பழி சுமத்தப்பட்டது என அவருடைய குடும்பத்தார் மனம் நொந்தனர். எழுதியவர்கள் தம் பெயரை மறைத்துக்கொண்டனர். இறந்தவருக்கு அந்த வசதியும் இல்லை.

இதன் பின்னரே, 1996 ஆம் ஆண்டில், அனுமதியின்றி யாதும் வெளியிடுவதில்லை எனும் ஒப்பந்தத்தில் விசேட படையினர் கையொப்பமிடவேண்டும் எனப் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு விதித்தது. அமெரிக்காவிலோ நிலைமை இன்னும் விந்தையானது. 2011 ஆம் ஆண்டு மே மாதம் பின் லாடனைக் கொன்ற அணியிற் சென்ற கடற்படை வீரர் ஒருவர், 2012 இல் புனைபெயரிலே நூல் வெளியிட்டார். முன்னனுமதி பெறவில்லை என அரசு வழக்குத் தொடுத்தது. 2016 இல் ஏறத்தாழ 66 இலட்சம் டொலரைத் திருப்பிச் செலுத்த அவர் இணங்கினார். அதே 2012 ஆம் ஆண்டிலேதான், பணியிலிருந்த கடற்படை விசேட வீரர்களே நடித்த திரைப்படமொன்று அரசின் முழு ஒத்துழைப்போடு வெளிவந்தது. அரசு காட்டினால் விளம்பரம். வீரர் காட்டினால் குற்றம். பத்திரிகை காட்டினால் துரோகம். இதனை நீதி என்று கூறவியலுமா?

வீரர்களின் பெயர்களுக்கு நேர்ந்த பெருந்தீங்கு ஒன்று அரசு அலுவலகத்திலிருந்தே வந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2022 ஆம் ஆண்டு பெப்ருவரியிலே, பிரித்தானியாவிற் புகலிடம் கோரிய ஏறத்தாழ 18,700 ஆப்கானியரின் விபரங்கள் அடங்கிய பட்டியலொன்று, பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஒருவரின் கவனக்குறைவாற் கைதவறிப் போயிற்று. விசேட படையினர் உட்பட 100 க்கும் மேற்பட்ட பிரித்தானியரின் பெயர்களும் அதனோடு போயின. பத்திரிகையாளர் சிலர் இதனை அறிந்தனர். 2023 செப்தெம்பரிலே, இப்படியொரு தடையுத்தரவு உண்டு என்று சொல்வதையே தடுக்கும் உத்தரவொன்றை நீதிமன்றம் பிறப்பித்தது. அது 2025 யூலை வரை நீடித்தது. தொடக்கத்திலே உயிர்களைக் காக்க அமைந்த அத்திரை, நாளடைவிலே பாராளுமன்றத்தின் கண்களையும் மறைத்தது. இரகசியம் வீரரை மட்டும் காப்பதில்லை, அலுவலகத்தையும் காக்கும். இரண்டையும் பிரித்தறிவதே பத்திரிகையின் பணி.

கையிலிருக்கும் கருவி

இனி றைபிளின் கதைக்கு வருவோம். எந்தப் படை எந்தத் துப்பாக்கியைத் தெரிந்தது என்பதைப் பேசுவோரைப் போர் வெறியர் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம் இலக்கிய வட்டங்களிலே உண்டு. அவ்வாறு ஒதுக்குவது பிழை. இப்பொருள்பற்றிப் பத்திரிகைகள் பொறுப்போடு எழுதியதனால் உயிர்கள் தப்பிய வரலாறு உண்டு.

வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையினருக்கு எம்-16 எனும் புதிய றைபிள் வழங்கப்பட்டது. எடை குறைந்தது, சிறிய சன்னத்தை மிகு வேகத்தோடு செலுத்துவது, ஆதலால் வீரர் ஒருவர் அதிக ரவைகளைச் சுமந்து செல்லலாம். ஆயின் களத்திலே அது அடிக்கடி சிக்கிக்கொண்டது. சுட்ட ரவையின் கோது குழலின் அடியறையிலே இறுகி வெளிவர மறுத்தது. சிக்கிய துப்பாக்கியைத் திறந்து சரிசெய்ய முயன்ற நிலையிலேயே இறந்துகிடந்த வீரர்களைத் தோழர்கள் கண்டனர். இராணுவத்தார் வீரரையே குறை கூறினர். துப்புரவு செய்யவில்லை என்றனர். துப்புரவு செய்வதற்கான கருவிகளோ போதிய அளவு வழங்கப்படவில்லை. வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரிகைகளிலே வெளிவந்தன. 1967 ஆம் ஆண்டிலே காங்கிரஸ் சபையின் விசேட குழுவொன்று விசாரித்தது. ரவையின் வெடிமருந்தை வேறொரு வகைக்கு மாற்றியதும், அடியறைக்குக் குரோமியப் பூச்சு இடாததும் முக்கிய காரணங்கள் என்பது வெளிவந்தது. பொறுப்பாளர் கடுமையாகக் கண்டிக்கப்பட்டனர். அதன்பின் அடியறைக்குப் பூச்சு இடப்பட்டது. துப்புரவுக் கருவிகள் வந்தன. படக்கதை வடிவிற் கையேடும் வந்தது. இராணுவம் தானாகத் திருந்தியிருந்தால் அந்தக் கடிதங்கள் அச்சேற வேண்டியிருந்திராது.

பிரித்தானியாவின் கதையும் இத்தகையதே. 1985 ஆம் ஆண்டு சேவைக்கு வந்த எஸ்.ஏ.-80 எனும் றைபிள், 1991 ஆம் ஆண்டின் வளைகுடாப் போரிலே மணலிலும் புழுதியிலும் அடிக்கடி செயலிழந்தது. அக்குறைகளைக் கூறும் உள்ளக அறிக்கை பத்திரிகைக்கு எட்டியபோது அமைச்சு அதன் பெறுமதியைக் குறைத்துப் பேசிற்று. பின்னர் 2000 ஆம் ஆண்டளவிலே ஏறத்தாழ 200,000 றைபிள்கள் ஹெக்லர் அன்ட் கொக் எனும் ஜெர்மன் நிறுவனத்தினால் திருத்தியமைக்கப்பட்டன. செலவு ஏறத்தாழ 9 கோடி 20 இலட்சம் பவுண். அக்காலத்தில் அந்நிறுவனத்தின் உரிமையாளராக விளங்கியது ஒரு பிரித்தானிய ஆயுத நிறுவனமே.

இதிலே சிந்திக்கத்தக்க செய்தியொன்று உண்டு. சாதாரணக் காலாட்படை வீரர் எஸ்.ஏ.-80 ஐச் சுமந்து திரிந்த அதே காலத்தில், எஸ்.ஏ.எஸ். வீரர் அதனை ஏற்கவில்லை. முதலில் அமெரிக்காவின் எம்-16 ஐயும், பின்னர் அதே குடும்பத்தைச் சேர்ந்த கனடிய சி-8 ஐயும் அவர்கள் ஏந்தினர். தமக்கு வேண்டிய கருவியைத் தாமே தெரியும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஏனையோர் கொடுத்ததை வாங்கினர். நைரோபிப் படத்திலுள்ள றைபிளைக் கண்டு ‘எவ்வளவு அழகு’ என்று வியந்தோர், ‘ஒரே நாட்டின் வீரர்களுள் ஒருவருக்கு இதுவும் மற்றவருக்கு அதுவும் ஏன்?’ என்று கேட்டிருப்பின் அந்த ஆராய்ச்சி பயனுடையதாயிருக்கும்.

‘சிறந்த றைபிள் எது?’ எனும் வினாவே பொருளற்றது. குறுகிய குழலுடைய துப்பாக்கி வாகனத்திலும் அறைக்குள்ளும் வசதியானது. ஆயின் குழல் குறுகக் குறுகச் சன்னத்தின் வேகமும் குறையும். தொலைவிலே அதன் வலிமை தளரும். பெரிய சன்னம் தொலைவுக்கும் கவசத்துக்கும் ஏற்றது. ஆயின் அதன் பாரம் வீரரின் முதுகை ஒடிக்கும். அமெரிக்கத் தரைப்படை 2022 ஆம் ஆண்டிலே 5.56 மில்லிமீற்றர் ரவையை விட்டு 6.8 மில்லிமீற்றருக்கு மாறும் புதிய றைபிளைத் தெரிந்தபோது எழுந்த விவாதமும் இதுவே. 2023 இலே பிரித்தானியா தன் றேஞ்சர் படைக்கும் கடற்படைக் கமாண்டோக்களுக்கும் மீண்டும் ஓர் அமெரிக்கத் துப்பாக்கியைத் தெரிந்தது. பத்தாண்டில் 10,000 வரை வாங்குவதற்கு 9 கோடி பவுண் வரை ஒதுக்கப்பட்டது. யார் தெரிந்தார்? எவ்வளவு விலை? எவரிடம் வாங்கினார்? மழையிலும் மணலிலும் சுடுமா? இவை பத்திரிகை கேட்கவேண்டிய கேள்விகள். இவற்றைக் கேட்பதனால் எந்த வீரருக்கும் தீங்கில்லை. கேளாமையினால் தீங்கு நேர்ந்ததை வியட்நாம் காட்டிற்று.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தனர். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி, மாலை சூட்டி, மின்னிக்கொண்டிருந்தன அங்குள்ள வேல்கள். அதியமானின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்திலே கிடக்கின்றன என்றார் ஔவை. புகழ்வதுபோல் இகழ்ந்த அந்தப் பாடலைப் புறநானூற்றிலே நம் மாணவர் கற்கின்றனர். இன்றைய பத்திரிகை தொண்டைமானின் கொட்டிலைக் காட்டுகின்றது. உலைக்களத்தின் பக்கம் செல்வதில்லை.

பிணத்தின் அருகே ஒரு துப்பாக்கி

யான் இதுவரை கூறியவை முகத்தைப் பற்றியும் கருவியைப் பற்றியுமாம். மிக முக்கியமானது செயல்.

2020 ஆம் ஆண்டு நொவெம்பரிலே அவுஸ்திரேலியாவில் நீதிபதி பிரெரற்றனின் அறிக்கை வெளிவந்தது. ஆப்கானிஸ்தானிலே அவுஸ்திரேலிய விசேட படையினரால் 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்பதற்கு நம்பத்தக்க தகவல் உண்டு என்றும், படையைச் சேர்ந்த 25 பேர் அவற்றிலே தொடர்புற்றிருந்தனர் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அந்த அறிக்கையிலே என் நெஞ்சைவிட்டு அகலாத செய்தி ஒன்றுண்டு. கொல்லப்பட்டவர் நிராயுதபாணி என்பதை மறைப்பதற்காகச் சிலர் துப்பாக்கிகளையும் வேறு பொருள்களையும் உடன்கொண்டு சென்று, பிணத்தின் அருகே வைத்துப் படம் பிடித்தனர். அதற்கெனப் படையினரிடையே ஒரு குழூஉக்குறிச் சொல்லே வழங்கிற்று.

படத்திலே துப்பாக்கி இருக்கின்றது; ஆதலின் இறந்தவர் எதிரி. எவ்வளவு எளிதான தருக்கம்! துப்பாக்கியின் படத்தைக் கண்டவுடன் அதன் இனம், குலம், இலக்கம் ஆகியவற்றை ஆராயப் பழகிய கண்ணுக்கு, அது அங்கே எப்படி வந்தது எனக் கேட்கத் தோன்றுமா?

இச்செய்திகள் வெளிவந்த வழியும் கவனிக்கத்தக்கது. 2017 ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இராணுவ ஆவணங்களை ஆதாரமாகக்கொண்டு இவற்றிற் சிலவற்றை வெளியிட்டது. 2019 யூன் மாதம் பொலிஸார் அக்கூட்டுத்தாபனத்தின் அலுவலகத்தைச் சோதனையிட்டனர். ஆவணங்களைக் கொடுத்த இராணுவ வழக்கறிஞருக்கு 2024 மே மாதத்தில் ஐந்தாண்டும் எட்டு மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வீரர்கள் அளவுக்கு மீறி விசாரிக்கப்படுகின்றனர் என்று காட்டுவதே அவருடைய நோக்கம். பத்திரிகையாளர் அவ்வாவணங்களிலே கண்டது வேறு. எனினும் கொலைகளைப் பற்றிய செய்தி தொடர்பாகச் சிறை சென்றோருள் முதல்வர் ஆவணம் கொடுத்தவரே என்ற உண்மை மாறாது.

அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையைப் பெற்ற முன்னாள் வீரர் ஒருவர், தம்மைப் பற்றி எழுதிய பத்திரிகைகள்மீது மானநட்ட வழக்குத் தொடுத்தார். ஆப்கானியரைச் சட்டவிரோதமாகக் கொன்றமை பற்றிய முக்கியமான குற்றச்சாட்டுக்கள், குடியியல் வழக்குக்குரிய அளவுகோலின்படி, உண்மையென நிறுவப்பட்டன என 2023 யூன் மாதம் நீதிமன்றம் தீர்த்தது. அவர் குற்றச்சாட்டுக்களை மறுத்தார்; 2025 மே மாதத்தில் அவருடைய மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அவருடைய உருவப்படமும் சீருடையும் நாட்டின் போர் நினைவாலயத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தவை. சீருடையைக் காட்சிக்கு வைத்தது அரசு நிறுவனம். செயலைத் தேடியது பத்திரிகை.

பிரித்தானியாவிலும் 2022 யூலையிலே பி.பி.சி. நிறுவனம், எஸ்.ஏ.எஸ். அணியொன்று ஆப்கானிஸ்தானிலே ஆறு மாதத்தில் 54 பேரை ஐயத்துக்கிடமான முறையிற் கொன்றதாகக் குற்றஞ் சாட்டிற்று. அங்கும் பிணங்களின் அருகே வைக்கப்பட்ட துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சு எழுந்தது. அதன் பின்னரே அரசு நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணைக்கு ஒழுங்கு செய்தது. 1980 இலே இப்படையைப் புகழேணியில் ஏற்றியதும் பி.பி.சி.; நாற்பத்திரண்டு ஆண்டின் பின் அதன் செயலுக்குக் கணக்குக் கேட்டதும் பி.பி.சி. முன்னைய காட்சியைக் கண்டவர்கள் பின்னதையும் கண்டனரா?

நமக்கும் இதற்கும் என்ன?

இவையெல்லாம் வேற்று நாட்டுக் கதைகள் என்று வாசகர் கருதலாம். அன்று. எஸ்.ஏ.எஸ். படையிலிருந்து விலகியோர் நடத்திய தனியார் நிறுவனமொன்று, 1984 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி அளித்தது. தூதரக மாடியிலே அப்படை இறங்கிய காட்சியை உலகம் கண்டு நான்கே ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்தப் பதினேழு நிமிடத்துக்கு ஒளிப்படக் கருவிகள் இருந்தன. இங்கு நடந்தவற்றுக்கு எந்தக் கருவி இருந்தது? அந்நிறுவனத்தவர் இங்கு போர்க்குற்றங்களிலே பங்குகொண்டனரா என இலண்டன் மாநகரப் பொலிஸார் விசாரிக்கத் தொடங்கியது 2020 ஆம் ஆண்டிலேதான். இதனிடையே 1978 முதல் 1980 வரையான காலத்து இலங்கை விவகாரங்களைப் பற்றிய ஏறத்தாழ இருநூறு கோப்புக்களைப் பிரித்தானிய வெளிநாட்டமைச்சு அழித்துவிட்டது என்பதும் வெளியாயிற்று. ஆவணம் எரிந்தபின் வரலாற்றாசிரியன் எதனைக்கொண்டு எழுதுவான்?

றைபிளின் பெயரைப் புத்தகத்திற் படித்து அறிந்தவர்கள் அல்லர் நம் மக்கள். ஓசையைக்கொண்டே துவக்கின் இனத்தைச் சொல்லக்கூடிய சிறுவர்கள் ஒரு காலத்தில் நம் ஊர்களில் வளர்ந்தனர். அது வீரத்தின் அடையாளமாக அவர்களுக்குத் தோன்றியிராது. எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதற்கான அறிவு அது. இன்று அவர்களுடைய பிள்ளைகள் கைத்தொலைபேசி விளையாட்டுக்களிலே அதே பெயர்களைக் கற்கின்றனர். எம்-16 எது, ஏ.கே.-47 எது என்று கண்ட மாத்திரத்திற் கூறுகின்றனர். தந்தை அச்சத்தாற் கற்றதை மகன் இன்பத்தாற் கற்கின்றான். அவனைக் கடிந்து பயனில்லை; அவன் முன்னே வைக்கப்படும் படங்களிலே துப்பாக்கி மட்டுமே விளக்கமாகத் தெரிகின்றது.

என் முடிபு இது

போர்வீரரின் தியாகத்தைக் கொச்சைப்படுத்துகின்றேன் என்று எவரும் கருதவேண்டா. நைரோபியிலே அந்தத் தனி மனிதர் உள்ளே சென்றதனாற் பிழைத்தவர்கள் உண்டு. அவருடைய முகம் மூடியிருந்தது முற்றிலும் நியாயமே. அந்த முகத்தைத் தோண்டியெடுக்க முயல்வது அநாகரிகம். ஆயின் முகத்துக்கு இட்ட திரையைச் செயலுக்கும் இடுவோமாயின், நேர்மையாக நடந்த வீரருக்கே முதலில் தீங்கு செய்தவராவோம். பிணத்தின் அருகே துப்பாக்கியை வைத்தவனும், பிணையாளரைக் காக்க உயிரைப் பணயம் வைத்தவரும் ஒரே முகமூடிக்குள் நின்றால், இருவரையும் பிரித்தறிவது எங்ஙனம்?

ஆகவே பத்திரிகை ஆசிரியர்கள் மூன்று ஒழுங்குகளைக் கைக்கொள்ளல் நன்று. வீரரின் முகமும் பெயரும் நிற்குமிடமும் வெளிவரலாகா. அரசே விளம்பரத்துக்காக அவற்றைத் தந்தாலும் வெளியிடலாகாது. கருவியைப் பற்றி எழுதும்போது அதன் விலை, தரம், தெரிந்தவர் பொறுப்பு ஆகியவற்றை எழுதவேண்டும். அழகை எழுதுவதற்கு விற்பனையாளர் இருக்கின்றனர். செயலைப் பற்றியோவெனின், நடவடிக்கை முடிந்த பின்னர் எந்த இரகசியத்தின் பெயராலும் கேள்வியை நிறுத்தலாகாது. இறந்தோர் பெயரும் ஊரும் செய்தியிலே இடம்பெறவேண்டும். அவர்களுடைய உடல்கள் காட்சிப் பொருளாகலாகா.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். நடுகல்லைப் பற்றி வகுப்பிலே கற்பிக்கின்றோம். நம் முன்னோர் அக்கல்லிலே வீரனின் உருவத்தையும் ஆயுதத்தையும் செதுக்கியதோடு நின்றாரல்லர். அவன் யார், எதன்பொருட்டு, எங்கே, எவரோடு பொருது மாண்டான் என்பதையும் எழுதிவைத்தனர். உருவமும் ஆயுதமும் மட்டும் இருந்து, எழுத்து இல்லாதிருந்தால் அது வெறுங் கல். இனிமேல் மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியிலே ஆயுதந்தாங்கிய வீரரின் படமொன்றைக் காட்டி, ‘இது என்ன றைபிள், சேர்?’ என்று கேட்டால், தெரிந்தால் விடை கூறுங்கள். கூறிவிட்டு, ‘அன்று அங்கே என்ன நடந்தது?’ என்று அவனைத் திருப்பிக் கேளுங்கள். விடை தேடி அவன் நூலகத்துக்குச் சென்றால் அன்றைய பாடம் நிறைவேறியது.